அரக்கனைப் பெற்றவள்

தீபாவளிக்கு முந்தின ராத்திரி எங்கள் ஆச்சி நரகாசுரன் கதை சொல்வாள். வருஷா வருஷம் அதே கதைதான். எண்ணெய்க்குச் சீரகமும் மிளகும் போட்டுக் காய்ச்சிக்கொண்டே சொல்வாள். நரகாசுரன் பூமாதேவிக்குப் பிறந்தவன். பெற்றவளைத் தவிர வேறு யார் கையாலும் அவனுக்குச் சாவில்லை என்று வரம். அதனால்தான் கிருஷ்ணன் தேரில் மயங்கிச் சாய்ந்துகொள்ள, பூமாதேவியின் அம்சமான சத்யபாமா வில்லை எடுத்தாள். மகன் விழுந்த பிறகு அவள் ஒரு வரம் கேட்டாள். ஆச்சியின் குரலில் அந்த வரம் இப்படி வரும்: “எம் புள்ள செத்த நாள ஊரு ஒலகமே தலைக்கு எண்ணெ தேச்சுக் குளிச்சு, புதுத்துணி உடுத்திக் கொண்டாடணும்.”

ஏழெட்டு வயதில் ஒரு தடவை கேட்டேன். “புள்ள செத்தா அம்மா அழ மாட்டாளா ஆச்சி?”

“அழுதிருப்பா. அழுது முடிச்சுட்டுத்தான் கேட்டிருப்பா.”

கதையில் அழுகை இல்லை, வரம் மட்டும்தான் இருக்கிறது. அந்த அழுகையை ஆச்சி தானாகச் சேர்த்தாள். அதை யோசிக்க எனக்குப் பல வருஷம் ஆனது, அதுவும் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்திலிருந்து.

*

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ‘பேயோவுல்ஃப்’ ஞாபகம் இருக்கும். (பெயரில் பேய் இருப்பது தற்செயல்தான். ஆனால் வகுப்பில் நாங்கள் அதைச் சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை.) எங்களுக்கு மூலமும் கிடையாது, மொழிபெயர்ப்பும் கிடையாது. ஒரு கைடு. அதில் மூன்று சண்டைகள்: க்ரெண்டலோடு ஒன்று, க்ரெண்டலின் அம்மாவோடு ஒன்று, கடைசியில் டிராகனோடு ஒன்று. முதல் சண்டைக்கு இரண்டு பக்கம், மூன்றாவதற்கு ஒன்றரைப் பக்கம். அம்மாவுக்கு ஒரே ஒரு பத்தி. வீடியோ கேமில் நடுவில் வரும் பாஸ் மாதிரி, அடித்துவிட்டு அடுத்த லெவலுக்குப் போய்விடலாம்.

அந்தக் கைடை எழுதியவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1936இல் டோல்கீன் லண்டனில் பேயோவுல்ஃபைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதுவரை அந்தக் காவியத்தைச் சரித்திரக் குறிப்புகளுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தவர்களிடம், இது முதலில் கவிதை, இதன் மையத்தில் இருப்பவை அரக்கர்கள்தான் என்று அவர் வாதாடினார். இன்றுவரை அந்த உரைதான் இந்தத் துறையின் வாசற்படி. ஆனால் அதிலும் பேச்செல்லாம் க்ரெண்டலையும் டிராகனையும் சுற்றியே. இளமையில் ஒரு சண்டை, முதுமையில் ஒரு சண்டை என்று காவியத்தை இரண்டாகப் பிரித்தால் நடுவில் வரும் அம்மாவுக்கு இடமில்லாமல் போகிறது. அரக்கர்களுக்காக வாதாடியவரே அரக்கனைப் பெற்றவளை ஓரமாக விட்டுவிட்டார்.

வேலைக்குப் போன பிறகு, ஒரு மழைக்கால விடுமுறையில்தான் காவியத்தை முழுசாகப் படித்தேன். 3182 வரிகள். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரே ஒரு கைப்பிரதியில் தப்பிப் பிழைத்த கதை. 1731இல் லண்டனில் அது இருந்த கட்டடம் தீப்பிடித்தபோது ஓரங்கள் கருகியதோடு போயிற்று. இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை. படித்ததும் எனக்குப் பட்டது இதுதான்: இந்தக் காவியத்தின் நெஞ்சு அந்த நடுச்சண்டையில்தான் இருக்கிறது. கவிஞனுக்கு அது தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

*

கதை சுருக்கமாக. டென்மார்க் அரசன் ஹ்ரோத்கார் ஒரு பெரிய மண்டபம் கட்டுகிறான். இரவுதோறும் அங்கே விருந்து, பாட்டு. அந்தச் சத்தம் தாங்காமல் சதுப்பு நிலத்திலிருந்து க்ரெண்டல் வருகிறான். காயீன் வம்சத்தில் வந்தவன் என்கிறது காவியம், அதாவது தம்பியைக் கொன்றவனின் வம்சம். முதல் ராத்திரியே முப்பது பேரைத் தூக்கிப் போகிறான். பன்னிரண்டு குளிர்காலம் இது தொடர்கிறது. கடல் தாண்டி பேயோவுல்ஃப் வருகிறான், ஆயுதமில்லாமல் கையோடு கை சண்டை போடுகிறான், க்ரெண்டலின் தோளைப் பிய்த்தெடுக்கிறான். கையில்லாமல் ஓடிப்போய் க்ரெண்டல் சாகிறான். அந்தக் கை மண்டபத்தில் எல்லோரும் பார்க்கத் தொங்குகிறது.

மறுநாள் காலையில் அந்தக் கையைப் பார்த்து ஹ்ரோத்கார் சொல்வது முக்கியமானது. இப்படி ஒரு மகனைப் பெற்றவள் யாராக இருந்தாலும், அவள் இன்னும் உயிரோடு இருந்தால், பிள்ளைப்பேற்றில் கடவுள் தனக்குக் கருணை காட்டினான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறான். வெற்றி நாளில் முதலில் நினைக்கப்படுபவள் வீரனின் அம்மா. அவள் இன்னாருடைய மகள் என்று மட்டும் காவியத்தில் வருகிறது, அவளுக்குப் பெயர் இல்லை. அன்று ராத்திரி வரப்போகிறவளுக்கும் பெயர் இல்லை.

அதற்கு முன்னால் விருந்து. அரண்மனைப் பாடகன் ஒரு பழைய கதையைப் பாடுகிறான். சண்டையில் ஜெயித்த நாள், அதற்குத் தகுந்த பாட்டாக இருக்க வேண்டும். ஆனால் அவன் பாடுவது ஹில்டபர் என்கிற அரசியின் கதை. டேனியர் வீட்டில் பிறந்து ஃபிரீசியருக்கு வாழ்க்கைப்பட்டவள். சமாதானத்துக்காகச் செய்த கல்யாணம். பிறந்த வீடும் புகுந்த வீடும் மோதிக்கொள்கின்றன. ஒரு பக்கம் தம்பி சாகிறான், மறுபக்கம் மகன் சாகிறான். இரண்டு பேரையும் ஒரே சிதையில், மாமன் தோளுக்குப் பக்கத்தில் மருமகனை, வைக்கச் சொல்லி அழுகிறாள். வெற்றி விருந்தில் இந்தப் பாட்டா என்று யாரும் கேட்கவில்லை. குடித்துக்கொண்டே கேட்கிறார்கள்.

பாட்டு முடிந்ததும் அரசி வியல்தியோ கோப்பையோடு வருகிறாள். அவள் கவலையும் பிள்ளைகளைப் பற்றியதுதான். புருஷன் இந்தப் புதுவீரனை மகன்போல ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். தான் பெற்ற இரண்டு பையன்களின் கதி? சபையில் நேராகக் கேட்க முடியாது. அதனால் சுற்றி வளைத்து, என் பிள்ளைகளிடம் பிரியமாக இரு என்று பேயோவுல்ஃபிடம் கேட்டுக்கொள்கிறாள். பிறகு எல்லோரும் படுக்கிறார்கள். மூன்றாவதாக வருகிறாள் க்ரெண்டலின் அம்மா.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய், பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயப்படும் தாய், அவர்களுக்குப் பிறகு இவள். கவிஞன் வேண்டுமென்றே இவர்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறான் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஹில்டபருக்காகக் கண்கலங்கிய வாசகர் இவளை வெறும் அரக்கி என்று தள்ளிவிட்டுப் போக முடியாது. போனால் அந்தப் பாட்டைக் குடித்துக்கொண்டே கேட்டவர்களோடு சேர்ந்துவிடுவார்.

*

அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். மகன் முதல் ராத்திரியில் முப்பது பேரைத் தூக்கினான். இவள் ஒரே ஒருவனைத் தூக்குகிறாள். ஆஷ்ஹெரெ, ஹ்ரோத்காரின் உயிர் நண்பன், ஆலோசகன். கூடவே மாட்டி வைத்திருந்த மகனின் கையையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். ஓர் உயிருக்கு ஓர் உயிர், பிறகு பிள்ளையின் உடம்பு.

அந்தச் சமூகத்தில் இதற்குச் சட்டம் உண்டு. கொலைக்கு ஈடாகப் பணம் கொடுக்கலாம், இல்லையென்றால் செத்தவனின் சொந்தக்காரர்கள் பழிவாங்கலாம். க்ரெண்டல் ஈட்டுப்பணம் கொடுக்கவே மாட்டான் என்று காவியம் முன்பே குறைபட்டிருக்கிறது. பழி தீர்த்துவிட்டோம் என்று எல்லோரும் தூங்கப்போன ராத்திரியில், அதே கணக்கை எடுத்துக்கொண்டு அவள் வருகிறாள். இரண்டு பக்கமும் வேண்டியவர்களின் உயிரால் விலை கொடுக்க வேண்டியிருந்த இது நல்ல பண்டமாற்று இல்லை என்கிறான் கவிஞன். இரண்டு பக்கமும்! அரக்கப் பக்கத்துக்கும் நஷ்டம் உண்டு என்று போகிறபோக்கில் ஒத்துக்கொண்டுவிடுகிறான்.

காலையில் ஹ்ரோத்கார் உடைந்துபோகிறான். அப்போது பேயோவுல்ஃப் சொல்லும் ஆறுதல் இந்தக் காவியத்தில் ரொம்பப் பேர்போனது. நண்பனுக்காக அழுதுகொண்டிருப்பதைவிட அவனுக்காகப் பழி வாங்குவது மேல் என்கிறான். வகுப்பில் இதை வீரயுக அறம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் முந்தின ராத்திரி அவள் செய்தது அதுதானே? அழுதுகொண்டு உட்காராமல் கிளம்பி வந்தாள். பேயோவுல்ஃப் எந்த நியாயத்தின் பேரில் அவளைக் கொல்லப் போகிறானோ அதே நியாயத்தின் பேரில் அவள் வந்திருக்கிறாள். இதைவிடக் கூர்மையாக ஒரு கவிஞன் என்ன சொல்ல முடியும் என்று தெரியவில்லை. விளக்கம் சொல்லாமல் தாண்டிப்போகிறான் என்பதுதான் இன்னும் அழகு.

நீருக்கடியில் நடக்கும் சண்டையில் ஒரு விவரம். அந்த நீர்நிலையை அவள் நூறு அரையாண்டுகள் காத்துவந்தாள் என்று வருகிறது. அதாவது ஐம்பது வருஷம். கொஞ்ச தூரம் தள்ளி ஹ்ரோத்கார் தன் ஆட்சியைப் பற்றிப் பேசும்போது அதே அளவைச் சொல்கிறான்: நூறு அரையாண்டுகள். இரண்டு ராஜ்ஜியங்களுக்கும் ஒரே வயது. பின்னால் பேயோவுல்ஃப் ஆளப்போவதும் ஐம்பது வருஷம்தான்.

அவள் கத்தி எடுத்துச் சண்டை போடுகிறாள் என்பதையும் கவனிக்க வேண்டும். க்ரெண்டலுக்கு ஆயுதம் தெரியாது. அவள் பேயோவுல்ஃபைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்து கத்தியை ஓங்குகிறாள். அவன் கொண்டுபோன வாள் அவள்மேல் இறங்கவில்லை. அவள் வீட்டுச் சுவரில் கிடந்த ராட்சத வாளை எடுத்துத்தான் அவளை வெட்ட முடிகிறது. பிறகு அங்கே ஏற்கெனவே செத்துக்கிடக்கும் க்ரெண்டலின் தலையையும் வெட்டுகிறான். மேலே வரும்போது க்ரெண்டலின் தலையைக் கொண்டுவருகிறான், அதைச் சுமக்க நாலு ஆள் வேண்டியிருக்கிறது. அம்மாவின் தலையைக் கொண்டுவரவில்லை. அவள் அங்கேயே கிடக்கிறாள்.

*

மூலத்தில் அவளைக் குறிக்கும் சொல் ‘அக்லேக்-விஃப்’. இரண்டாம் பாதிக்குப் பெண் என்று அர்த்தம். முதல் பாதிதான் சிக்கல். ‘அக்லேகா’ என்ற சொல்லைக் கவிஞன் க்ரெண்டலுக்குப் போடுகிறான், டிராகனுக்குப் போடுகிறான், பேயோவுல்ஃபுக்கும் போடுகிறான். இன்னோர் இடத்தில், ஒரு பழைய ஆங்கில உரைநடை நூலில், பீட் என்கிற மதிப்புக்குரிய துறவி-அறிஞருக்கே அந்த அடைமொழி வருகிறது. எதிரே நின்றால் நடுங்கவைக்கும் ஆள் என்பதுபோல ஏதோ ஒன்று. ஆனால் நெடுங்காலம் எல்லோரும் நம்பிய கிளேபர் பதிப்பின் சொல்லடைவில், அந்தச் சொல் வீரனுக்கு வரும்போது வீரன் என்றும், மற்றவர்களுக்கு வரும்போது அரக்கன் என்றும் பிரித்துப் பொருள் கொடுத்தார்கள். அவளுக்கு அரக்கி போன்ற பெண் என்று பொருள். ஷேமஸ் ஹீனி எனக்குப் பிடித்த கவிஞர், 1999இல் வந்த அவர் மொழிபெயர்ப்பில்தான் நானும் இதைப் படித்தேன். அவரும் அந்த இடத்தில் மூலத்தில் இல்லாத நரகம் ஒன்றைச் சேர்த்துவிட்டார். அவள் விரல்கள் என்று மூலம் சொல்லும் இடத்தில் நகங்கள் முளைத்துவிடுகின்றன. மூலக் கவிஞன் அவளுக்கு நல்லபிள்ளை வேஷம் போடவில்லை, கடலின் பெண் ஓநாய் என்றும்தான் சொல்கிறான். ஆனால் விரலை விரல் என்றே விட்டிருக்கிறான்.

ஒரு நண்பனுக்காக இந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிப் பார்த்தபோது முதலில் வாயில் வந்தது ‘அரக்கி’தான். சொன்னதுமே தப்பு என்று தெரிந்தது. அரக்கி என்றால் எல்லாம் முடிந்துபோகிறது. நம்மிடம் அதைவிடப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: அணங்கு. பயமும் அதுதான், பயத்தைத் தருகிற தெய்வமும் அதுதான், வருத்துகிற பெண்ணும் அதுதான். மலையிலும் சுனையிலும் இருப்பது. சங்கப் பாடல்களில் வரும் ‘சூர்’ என்ற சொல்லும் இப்படித்தான் பயத்துக்கும் பயங்கரத்துக்கும் பொதுவாக நிற்கிறது. அதே சூர்தான் பின்னால் கந்தபுராணத்தில் சூரபத்மனாகி, உருவம் உருவமாக மாற்றிக்கொண்டு வந்து வேல் பட்டு மயிலும் சேவலுமாகப் பிளக்கிறது. க்ரெண்டலின் அம்மா இன்னும் சூரபத்மன் ஆகாத சூர் என்று நண்பனிடம் சொன்னேன். “ரொம்ப யோசிக்காத மச்சி” என்றான். இருந்தாலும் அணங்கு என்றே வைத்துக்கொண்டேன்.

*

இப்போதெல்லாம் அரக்கன் பக்கத்திலிருந்து கதை சொல்வது ஃபேஷன். ஜான் கார்ட்னரின் ‘க்ரெண்டல்’ (1971) அந்த வகையில் முன்னோடி. க்ரெண்டலே தன் கதையைச் சொல்லும் நாவல். புத்திசாலி, தனிமைப்பட்டவன், கொஞ்சம் சார்த்தர் வாசித்தவன் மாதிரிப் பேசுவான். நல்ல நாவல்தான். ஆனால் அதில் அவன் அம்மாவுக்குப் பேச்சே கிடையாது. மொழியை மறந்துபோன ஒரு மிருகம், குகையில் எலும்பு பொறுக்கிக்கொண்டிருக்கும். மகனுக்குத் தத்துவம் கொடுத்த நாவலாசிரியர் அம்மாவிடமிருந்து வாயைப் பிடுங்கிவிட்டார். 2007இல் வந்த சினிமாவைப் பற்றி என்ன சொல்ல? பொன்னிறத்தில் ஏஞ்சலினா ஜோலி, ஹை ஹீல்ஸோடு. பழிவாங்க வந்த தாய் அங்கே மயக்க வந்த மோகினி ஆகிவிட்டாள். மரியா தவானா ஹெட்லியின் ‘தி மியர் வைஃப்’ (2018) நாவலில்தான் அவள் ஆளாக வருகிறாள், போரிலிருந்து திரும்பிய ஒரு படைவீரர் பெண்ணாக, மகனை ஒளித்து வளர்ப்பவளாக. இரண்டு வருஷம் கழித்துக் காவியத்தையே மொழிபெயர்த்தபோதும் ஹெட்லி அவளைப் போராளியாகவே எழுதினார்.

ஹெட்லி எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஒரு சங்கடம். மறுவாசிப்பில் அரக்கன் பாவப்பட்டவனாகிவிட்டால் மனிதர்கள் அயோக்கியர்களாகிவிடுகிறார்கள். பலகை அப்படியே இருக்கிறது, காய்களை மட்டும் திருப்பி வைக்கிறோம். ஆஷ்ஹெரெயின் தலை அந்த நீர்நிலைக்கு மேலே பாறையில் கிடந்தது. அவனுக்கு யிர்மென்லாஃப் என்று ஒரு தம்பி இருந்தான் என்று கவிஞன் பெயரோடு சொல்கிறான். க்ரெண்டல் தின்றவர்களுக்கும் வீட்டில் ஆள் இருந்திருக்கும். பழைய காவியம் இதை எதையும் மறக்கவில்லை. அவன் கொலைகாரன். அவனுக்கு அம்மா இருந்தாள், அவள் அழுதாள், வந்தாள். இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, எதையும் எதற்கும் சமாதானமாக்காமல் விடுகிற தைரியம் புதுசாகச் சொல்பவர்களிடம் குறைவு.

*

இது ஒரு காவியத்தின் தனி விசித்திரமா? இல்லை.

கால்வெர்ட் வாட்கின்ஸ் என்ற மொழியியலாளர் 1995இல் ஒரு கனமான புத்தகம் போட்டார். இந்தோ-ஐரோப்பிய மொழிகளிலெல்லாம் ‘வீரன் பாம்பைக் கொன்றான்’ என்ற வாக்கியம் ஒரே வேர்ச்சொல்லோடு திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவர் வாதம். நாம் பிரம்மஹத்தி என்று சொல்லும்போது அதில் இருப்பதும் அந்த வேர்தான். அந்த வாக்கியத்துக்கு அவர் காட்டும் மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று, ரிக்வேதத்தின் முதல் மண்டலத்தில் 32ஆவது சூக்தம். இந்திரன் விருத்திரன் என்ற பாம்பைக் கொன்று தண்ணீரை விடுவித்த கதை.

15 பாடல்கள், பெரும்பாலும் வெற்றி முழக்கம். நடுவில் ஒரு காட்சி. விருத்திரனின் அம்மா தானு. அவள் மகன்மேல் கவிந்து கிடக்கிறாள், இந்திரன் அவளையும் அடிக்கிறான். தாய் மேலே, மகன் கீழே, கன்றோடு படுத்த பசு மாதிரி. பசுவைச் செல்வமாக நினைத்த ஒரு கூட்டம் தன் எதிரியின் அம்மாவுக்கு அந்த உவமையைக் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் அவர்கள்மேல் ஓடுகிறது.

அதைவிட ஆச்சரியம் கடைசிக்கு முந்தின பாடல். பாம்பைக் கொன்ற இந்திரனின் நெஞ்சில் திடீரென்று பயம் வந்ததாம். தொண்ணூற்றொன்பது ஆறுகளைத் தாண்டி, மிரண்ட பருந்துபோல ஓடினானாம். பழிவாங்க வரும் யாரைப் பார்த்தாய் இந்திரா என்று பாடல் கேட்கிறது. பதில் இல்லை. அடுத்த பாடலில் அவன் மறுபடி ராஜா. பின்னால் வந்த மகாபாரதம் இந்தப் பயத்துக்குக் காரணம் கண்டுபிடித்து, கொலைப்பாவம் என்று பெயர் வைத்து, இந்திரனைத் தாமரைத் தண்டுக்குள் ஒளிய வைத்தது. சூக்தத்தில் பெயரே இல்லை. ஜெயித்தவன் ஓடுகிறான், அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்தில் க்ரெண்டலின் அம்மா கதவைத் திறந்துகொண்டு வருவது தெரிகிறது. இது ஆராய்ச்சி இல்லை, வாசகனின் சுதந்திரம்.

பாபிலோனியர்கள் நேரடியானவர்கள். அங்கே அரக்கியே அம்மாதான், தெய்வங்களுக்கெல்லாம் அம்மா, தியாமத். பிள்ளைகள் போடும் சத்தம் பொறுக்காமல் புருஷன் அவர்களைக் கொன்றுவிடலாம் என்றபோது, நாம் பெற்றதை நாமே அழிப்பதா என்று தடுத்தவள். புருஷனைப் பிள்ளைகள் கொன்ற பிறகுதான், அதுவும் மற்றவர்கள் தூண்டிவிட்ட பிறகுதான், பதினோரு பூதங்களைப் பெற்றுப் போருக்கு வருகிறாள். மர்துக் அவளைக் கருவாடு மாதிரி இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானமாக்குகிறான். அவள் கண்களிலிருந்து டைக்ரிஸும் யூஃப்ரடீஸும் ஓடுகின்றன. ஒவ்வொரு புதுவருஷத் திருவிழாவிலும் இதைக் கோயிலில் வாசித்தார்கள். நம் தீபாவளிபோல.

கிரேக்கர்களிடம் அம்மாவுக்குப் பதில் அக்காக்கள். மெடூசாவின் தலையை வெட்டிக்கொண்டு பெர்சியஸ் ஓடுகிறான், சாகாவரம் பெற்ற கார்கன் சகோதரிகள் அலறிக்கொண்டு துரத்துகிறார்கள். பிண்டார் ஒரு புல்லாங்குழல் கலைஞனின் வெற்றியைப் பாடும்போது இதைச் சொல்கிறார்: அந்த அலறலைக் கேட்ட அதீனா அதைக் குழலில் வாசிக்கும் ஒரு ராகமாக்கி மனிதர்களுக்குக் கொடுத்தாளாம். அரக்கியைக் கொல்ல உதவியவளும் அதீனாதான், ஒப்பாரியை இசையாக்கியவளும் அவள்தான். கலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடக் கூச்சமான பதிலை நான் படித்ததில்லை.

அம்மா இல்லாத அரக்கனும் உண்டு. கில்கமேஷ் கதையில் வரும் ஹுவாவா, தேவதாரு வனத்தின் காவலன். என்லில் தெய்வம் அமர்த்திய ஆள். பேர் வாங்க வேண்டும் என்பதற்காகக் கில்கமேஷ் அவனைத் தேடிப் போகிறான். பிந்திய அக்காடிய வடிவத்தில் கிளம்பும் முன் கில்கமேஷின் அம்மா நின்சுன் மாடியில் ஏறிச் சூரியனிடம் மகனுக்காக மன்றாடுகிறாள். கூடப்போகும் என்கிடுவையும் தத்தெடுத்துக்கொள்கிறாள். வீரர்கள் இருவருக்கும் ஒரு தாய். அதற்கும் முந்தைய சுமேரியப் பாட்டில் ஹுவாவா பிடிபட்டதும் சூரியனிடம் முறையிடுகிறான்: என்னைப் பெற்ற தாயை நான் அறியேன், வளர்த்த தகப்பனையும் அறியேன், மலையில் பிறந்தேன், நீதான் வளர்த்தாய். கில்கமேஷுக்கு இரக்கம் வருகிறது. பிடிபட்ட பறவை வீடு திரும்பட்டும், பிடிபட்டவன் தன் தாய்மடிக்குத் திரும்பட்டும் என்கிறான். தாயே இல்லை என்று இப்போதுதானே சொன்னான்! அந்த அபத்தத்தைப் பாட்டு கண்டுகொள்ளவில்லை, அல்லது கண்டுகொண்டுதான் வைத்திருக்கிறது. என்கிடு கழுத்தை அறுக்கிறான்.

தலையைத் தோல்பையில் போட்டு என்லிலிடம் கொண்டுபோனால் அவர் கோபப்படுகிறார். அவன் உங்களோடு உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டிருக்க வேண்டியவன், உங்களோடு தண்ணீர் குடித்திருக்க வேண்டியவன் என்கிறார். ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் 2011இல் வாங்கிய ஒரு களிமண் பலகை 2014இல் பதிப்பிக்கப்பட்டது. அக்காடியக் காவியத்தின் அந்தப் பகுதியில் முன்பு தெரியாத வரிகள் அதில் கிடைத்தன. வனம் முழுக்கப் பறவையும் சில்வண்டும் குரங்கும் சேர்ந்து அந்தக் காவலனுக்கு அரசவைக் கச்சேரி நடத்துகின்றன. எல்லாம் முடிந்த பிறகு, காட்டைப் பாழாக்கிவிட்டோமே, என்லிலுக்கு என்ன பதில் சொல்வது என்று என்கிடுவே கவலைப்படுகிறான். கேட்க அம்மா இல்லாதவனுக்காகக் கேட்க ஒரு காடு இருந்திருக்கிறது.

ஜோசப் கேம்பெல் 1949இல் ‘ஆயிரம் முக நாயகன்’ எழுதினார். ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் இன்றைய திரைக்கதைப் பயிலரங்குகள் வரை அதன் பிள்ளைகள்தான். எல்லா ஊர்க் கதையிலும் ஒரே பயணம், ஒரே சோதனை, ஒரே வெற்றி. அந்த வரைபடத்தில் அரக்கன் நாயகன் தாண்ட வேண்டிய ஒரு படி. படிக்கு அம்மா கிடையாது. தானுவையும் க்ரெண்டலின் அம்மாவையும் அதில் எங்கே வைப்பது என்று நான் தேடிப் பார்த்தேன். வைக்க இடமில்லை.

*

எங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

குடித்துவிட்டு வந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு தடவை டீக்கடைக் கண்ணாடியை உடைத்தார். ஒரு தடவை எங்கள் அப்பாவை, கூடப் பிறந்த அண்ணனை, பிள்ளைகள் முன்னால் வைத்து அடித்தார். அப்பா திருப்பி அடிக்கவில்லை. சட்டையில் ரத்தத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ராத்திரி சைக்கிள் சத்தம் கேட்டால் நானும் தங்கையும் அரங்குவீட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வோம். கல்லீரல் போய், நாற்பத்து மூன்று வயதில் செத்தார். பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த யாரோ, “இனிமே தெரு நிம்மதியாத் தூங்கும்ல” என்றார். பெரிய குரலில் சொல்லவில்லை. ஆனால் ஆச்சி உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கேட்டிருக்கும். எனக்கும் அந்த வாக்கியம் தப்பாகப் படவில்லை. அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன், அதுதான் உண்மை.

ஆச்சி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய சைக்கிளைத் துடைத்துத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். எடைக்குப் போடலாம் என்று அப்பா சொன்னபோது மட்டும், “அது கெடக்கட்டும்” என்றாள்.

அந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி கிடையாது. மறுவருஷம் எண்ணெய் காய்ச்சும்போது தங்கை கதை கேட்டாள். ஆச்சி சொன்னாள். வரம், தேர், கிருஷ்ணன் மயங்கினது, சத்யபாமா வில் எடுத்தது எல்லாம் வந்தது. அம்பு பட்டு அவன் விழுந்தான் என்றதும் கரண்டியால் எண்ணெயைக் கிண்டினாள்.

“பெறவு?” என்றாள் தங்கை.

“பெறவென்ன, செத்துட்டான். விடியக்காலம் எந்திரிக்கணும். போய்ப் படு.”